பிராண்டுக்கு ஒரு முகம்

அந்தப் பொண்ணோட முடி நெசம்னு நினைக்கிறயா கண்ணு? உன்ற போனை நான் எட்டிப் பாக்கலை. பக்கத்துல உக்காந்திருக்கேன், கண்ணுல படுது. தலையை இந்தப் பக்கம் ஒரு சிலுப்பு, அந்தப் பக்கம் ஒரு சிலுப்பு, கடைசியில கன்னத்தோட ஒரு பாட்டில். பாதி சவுரியாத்தான் இருக்கும். பொடனிக்கு மேல பாரு, அங்க மட்டும் தடிப்பாத் தெரியுதா? அங்கதான் கிளிப்பு. எனக்குத் தெரியாம ஆருக்குத் தெரியும்? நானும் கூந்தல் எண்ணெய் வித்தவதான். மகிழவேணின்னு கேள்விப்பட்டிருக்கயா? இல்லையா? நெசமாவா? போகட்டும், நல்லதுதான். கேள்விப்பட்டிருந்தீன்னா இந்நேரம் வேற சீட்டுக்குப் போயிருப்ப.

ஓசூர் வரைக்கும் போறயா? நானும் அங்கதான். அப்பக் கேளு.

எங்களுக்குக் காங்கேயத்துக்குப் பக்கம். எங்கூட்டுக்காரரு கொப்பரை வாங்கிக் களத்துல காயவெச்சு எண்ணெய் ஆட்டறவரு. வெறும் தேங்காயெண்ணெய். டின்னுல ஊத்திக் குடுத்தா அவருக்கு வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல ஒரு யோசனை அந்த மனுசனுக்கு வராது. நான்தான் அதுல கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயமெல்லாம் போட்டுக் காய்ச்சி, மகிழவேணின்னு பேரு வெச்சுப் பாட்டில்ல அடைச்சேன். பக்குவம் ஆரு சொல்லிக் குடுத்தாங்கறயா? யூடியூப்பைப் பாத்துத்தான். அதைச் சொல்றதுல எனக்கென்ன வெக்கம்?

ஊருக்குள்ள கடைகள்ல போட்டோம். வித்துது. வித்துதுன்னா, சோப்பு வாங்க வந்தவங்க அதையும் எடுத்துட்டுப் போனாங்க, அவ்வளவுதான். என்ற பொறந்தவன் சொன்னான், "அக்கா, நெட்டுல இல்லாத பொருளு நாட்டுல இல்லாத பொருளு"ன்னு. அவனே கோயமுத்தூருல ஒரு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனான். டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீசு. நீ அந்த மாதிரி ஆபீசு பாத்திருக்கயா? பருத்தி மூட்டையாட்ட ஒண்ணைக் காட்டி உக்காருங்கன்னாங்க. உக்காந்தா எந்திரிக்க முடியலை. எந்திரிச்சுப் போக முடியாதவங்ககிட்டத்தான் அவங்க வியாபாரமே பேசுவாங்க.

அங்க ஒருத்தன், பேரு அஸ்வந்த். தாடி, கையில செம்புக் காப்பு, காலுல செருப்பு இல்லை. ஆபீசுக்குள்ள செருப்புப் போடமாட்டானாமா. "ஆன்ட்டி, இப்ப ஆரும் பொருளை வாங்கறதில்லை. கதையைத்தான் வாங்கறாங்க. உங்க பிராண்டோட கதை என்ன?"ங்கறான்.

"அப்பக் கதையையே பாட்டில்ல ஊத்தி வித்துப்போடலாமே தம்பி, கொப்பரை எதுக்கு?"ன்னேன்.

கோவிச்சுக்குவான்னு பாத்தா, "செம லைன் ஆன்ட்டி"ன்னு போன்ல தட்டி வெச்சுக்கறான். இவங்களை வையவே முடியாது கண்ணு. வஞ்சாக்கூட அதையும் எடுத்துப் போஸ்டாப் போட்டுப்போடுவாங்க.

பாட்டி காலத்து ரகசியம்னு வெச்சுக்கலாமான்னு கேட்டான். எங்க பாட்டிக்கு நடுமண்டையில முடியே கிடையாதுப்பான்னேன். அப்பவும் சிரிக்கறான்.

பொறகு ஒரு நாளு கொப்பரைக் களத்தைப் படம் எடுக்கறோம்னு கேமராவைத் தூக்கிட்டு வந்தாங்க. அன்னிக்குன்னு பாத்து என்ற பொண்ணு மிருதுளா தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வெயில்ல முதுகைக் காட்டி உக்காந்து முடியை ஆத்திட்டிருந்தா. முழங்காலுக்குக் கீழ வரும் கண்ணு. கண்ணு வெச்சுப்போடாத, இப்ப இல்லை, அப்ப. கேமராக்காரன் கொப்பரையை விட்டுப்போட்டு அப்படியே நின்னுட்டான். அஸ்வந்த் என்ற பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, பிராண்டுக்கு ஒரு முகம் வேணும்னு சொன்னேன்ல? இவங்கதான்"ங்கறான்.

முகங்கறான், பாக்கறது முதுகை.

அவளுக்கு அப்பத்தான் காலேஜு முடிஞ்சிருந்துது. மைக்ரோபயாலஜி. ஓசூருல ஒரு மருந்துக் கம்பெனியில லேப் வேலைக்கு இன்டர்வியூ குடுத்துட்டு வந்து காத்திருந்தா. "எனக்கு வேண்டாம்மா, கேமரா முன்னால நிக்க எனக்கு வராது"ன்னா. "நீ ஒண்ணும் பேச வேண்டாம் சாமி, திரும்பி நின்னாப் போதும்"னேன். நான் கட்டாயப்படுத்தலை, கேட்டுக்க. சோறு எறங்கலைன்னு நான் என்ற பாட்டுக்குப் படுத்திருந்தேன். அவளா வந்து சரின்னா.

அந்த முடி சும்மா வந்த முடியில்லை தெரியுமா? சின்னப்புள்ளையில இருந்தே அவளுக்கு அதை வெட்டணும், அது ஒண்ணுதான் நச்சு. தலை வலிக்குதும்மா, கழுத்து இழுக்குதும்மா, பள்ளிக்கூடத்துல புள்ளைக பெஞ்சோட சேத்துக் கட்டிப்போடுதுகம்மான்னு அழுவா. நான் கத்திரிக்கோலையே கண்ணுல காட்டாம வெச்சிருந்தேன். பேன் பாக்கறது, சிக்கு எடுக்கறது, பின்னி விடறது, எல்லாம் நானு. தலை அவளுது, முடி என்னுது. ஊருல ஆரைவேணாக் கேளு.

வீடியோ போட்டாங்க. களத்துல வெள்ளைவெளேர்னு கொப்பரை, நடுவுல இவ, கருகருன்னு முடி. பேச வேண்டாம்னு நான் சொல்லியிருந்தும் பொறகு அஸ்வந்த் எழுதிக் குடுத்துப் பேச வெச்சான். "பொறந்ததுல இருந்து எங்கம்மா காய்ச்சற எண்ணெய் மட்டுந்தான்." அவ, "இந்த எண்ணெயே நீ இப்பத்தானம்மா காய்ச்ச ஆரம்பிச்ச? அந்த வாசத்துக்கு எனக்குத் தலை சுத்தும், நான் தேக்கறதே இல்லையே?"ன்னா. நியாயம் பேசற வயசு. எண்ணெய் எண்ணெய்தான, அதுல என்ன முன்னப் பின்ன? சின்ன வயசுல தேங்காயெண்ணெய் தேச்சமல்ல?

அப்புறம் பாக்கணுமே. போன் வெச்ச இடத்துல நிக்காது. லைக்கு, கமெண்ட்டு, ஆர்டரு. சென்னையில இருந்து, சிங்கப்பூருல இருந்து. பேஜு, பேஜுன்னு எங்கூட்டு முன்கூடத்து ஆசாரத்துல காப்பி குடிக்கறதுக்குள்ள ஆயிரம் தடவை அந்தப் பேச்சுத்தான். ஒறம்பரை, சொந்தக்காரங்க வந்தாக்கூட அவளைத் திரும்பி நில்லு பாக்கலாம்பாங்க. கமெண்ட்டுல கண்டதும் எழுதுவானுக. அவ படிச்சுப்போட்டு முகம் ஒருமாதிரி ஆயிருவா. "இதெல்லாம் அழிக்கச் சொல்லும்மா"ம்பா. அஸ்வந்த்துகூட அழிக்கலாம்னான். நான்தான் வேண்டாம்னேன். அவன்தான சொன்னான், கமெண்ட்டு எத்தனைக்கெத்தனையோ பேஜுக்கு அத்தனைக்கத்தனை நல்லதுன்னு? இவங்க சொல்றதை இவங்களே நம்பறதில்லை, அதுதான் எனக்கு எளப்பம்.

முடியைப் பாத்துக்கறதுக்கு நாலு கட்டுப்பாடு வேணுமல்ல? ஸ்கூட்டி ஓட்டாத, ஹெல்மெட்டு உரசும். வெயில்ல போகாத. கொண்டை போடாத, நெளிவு விழுந்துரும். ஒரு ஷூட்டிங்குக்கு மறுக்கா மறுக்கா தண்ணி ஊத்தி ஆத்தோணும். சளி புடிக்கத்தான் செஞ்சுது. வேலைன்னா சும்மாவா?

ஒருக்கா கரூர்ப் பக்கமிருந்து வேன் வெச்சுக்கிட்டு ஒரு கூட்டம் பொம்பளைக வந்துட்டாங்க. வீடியோவுல காட்டறது நெசமா, சவுரியான்னு கையில புடிச்சுப் பாத்தாத்தான் நம்புவாங்களாமா. அவ காச்சலோட உள்ள படுத்திருந்தா. எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன். கஸ்டமர் கண்ணு, வாசல்ல நிக்கறவங்களைத் திருப்பி அனுப்பலாமா? பின்னலை அவுத்துவிட்டேன். ஒவ்வொருத்தியா வந்து தடவினாங்க. ஒரு கெழவி மட்டும் கையில ஒரு சுத்துச் சுத்தி வெடுக்குன்னு இழுத்துப் பாத்தா. "நெசந்தாண்டி"ன்னு கையத் தட்டினா. எல்லாரும் பாட்டில் வாங்கிட்டுப் போனாங்க. இவளுக்குக் கண்ணுல தண்ணி. முடியைப் புடிச்சு இழுத்தாத் தண்ணி வரத்தான் செய்யும், ஆருக்குத்தான் வராது? எங்கூட்டுக்காரரு மில்லு வாசல்ல நின்னு பாத்துப்போட்டு உள்ள போனாரு. அன்னிக்கு ராச்சோறு அவரு திங்கலை. வயிறு சரியில்லைன்னாரு.

என்ன, தண்ணியா? இந்தா, குடி. கொதிக்க வெச்ச தண்ணிதான்.

எங்க விட்டேன்? ஆங், ஓசூர் வேலை. தீவாளி நோம்பிக்குப் பெருசா ஒண்ணு பண்ணலாம்னு பேசிட்டிருக்கறப்பத்தான் அந்தக் கம்பெனியில இருந்து போன் வந்துது, வந்து சேருங்கன்னு. அவ குளிக்கப் போயிருந்தா. நான்தான் எடுத்தேன். லேப்புல தலை முழுக்கத் தொப்பி போட்டு முடி வெளிய தெரியாம அடக்கோணுமாமா. அந்த முடிக்கு எந்த ஊருல தொப்பி தெச்சு வெச்சிருக்காங்க? புள்ளைக்கு விருப்பமில்லைங்க, வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு சொல்லிப்போட்டேன். அவளை எதுக்கு அலைய விடறதுன்னுதான். அவ பாட்டுக்கு அந்தப் போனை எதிர்பார்த்துட்டே இருந்தா. பொறகு அவளே கூப்பிட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா. சத்தம் போடுவான்னு பாத்தேன். போடலை. என்ற மூஞ்சியைப் பாத்துட்டு உள்ள போயிட்டா. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

அதுக்கப்புறந்தான் முடி கொட்ட ஆரம்பிச்சுது. சீப்பு வெச்சா கொத்துக் கொத்தா. தலவாணியில, குளிக்கற ரூமுல, சோத்துல. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பாத்துப்போட்டு உடம்புல ஒண்ணுமில்லை, மனசுக்கு ஓய்வு வேணும், தூங்கச் சொல்லுங்கங்கறா. தூங்கினா முடி வளருமா? படிச்ச படிப்பு அப்படி. எண்ணெய் தேக்கச் சொல்லியிருந்தாக்கூட ஒரு அர்த்தம் இருக்கு.

அஸ்வந்த்தைக் கூப்பிட்டு, சவுரி வெச்சுக்கலாம்னேன். அவனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "வேண்டாங்க ஆன்ட்டி. கண்டுபிடிச்சிருவாங்க. அவங்களும் ரொம்பச் சோர்ந்து இருக்காங்க. கொஞ்ச நாளு வேற கன்டென்ட் போடலாம், நீங்க எண்ணெய் காய்ச்சறதைக் காட்டலாம்"ங்கறான். பாத்துக்க, கதையை வித்துத் திங்கறவன் எனக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு பாடம் எடுக்கறான்! வாயிதான் இத்தனை நீளம். தைரியம் ஒரு துளி கிடையாது. நானே ஈரோடு போய், நிறம் பொருந்தறாப்பல பாத்து எடுத்துட்டு வந்து, நானே கிளிப்பு வெச்சுவிட்டேன். ஒரு ஈ காக்காக்குத் தெரியலை.

தீவாளி ஆபரை அறிவிக்கறதுக்கு லைவு. எங்க ஆசாரத்துலதான். பெரிய வளையலாட்ட லைட்டு, பின்னால பாட்டிலெல்லாம் அடுக்கி, பட்டுச்சீலை, மல்லிகைப்பூ. நான் கேமராவுக்கு இந்தப் பக்கம் தட்டுல பாட்டிலை வெச்சுக்கிட்டு நிக்கறேன், எடுத்துக் குடுக்க. ஆயிரக்கணக்குல ஆளு பாத்துட்டிருக்காங்க. கமெண்ட்டு ஆத்துவெள்ளமாட்ட ஓடுது. அவ எழுதிக் குடுத்ததை அழகாத்தான் சொல்லிட்டு வந்தா. சொல்லிட்டே வந்தவ நிறுத்திட்டா.

"இது வரைக்கும் நான் சொன்னதெல்லாம் எழுதிக் குடுத்தது. இனிமே சொல்றது எனக்குத் தெரிஞ்சது"ன்னா.

அஸ்வந்த் புதுசா ஏதோ எழுதிக் குடுத்திருப்பான்னு நான் சிரிச்சுட்டே நிக்கறேன்.

"இந்த எண்ணெய் என் தலையில ஒரு நாளும் பட்டதில்லை. முடி எங்க அப்பத்தாவுக்கு இருந்த மாதிரி தானா வளர்ந்துது. இப்பக் கொட்டிட்டிருக்கு. இது ஈரோட்டுல வாங்கினது." பின்னால கையக் கொண்டுபோயிக் கிளிப்பை எடுத்துச் சவுரியை மேசையில வெச்சா. வெச்சுட்டு, முந்தானையில இருந்து கத்திரிக்கோலை எடுத்தா. பின்னலைப் பொடனியோட சேத்துப் புடிச்சு, நறுக் நறுக்குன்னு. கத்திரிக்கோலு மொண்ணை. சீக்கிரம் அறுபடலை. அத்தனை நேரமும் அவ கேமராவைப் பாக்கலை, என்னையத்தான் பாத்துட்டிருந்தா.

நான் என்ன பண்ணுவேன்? தட்டைக் கீழ வெச்சுட்டு ஓடினேன். முடி கீழ விழுந்துருச்சு கண்ணு. காலுல மிதிபட்டுருமல்ல? மண்டி போட்டு அள்ளினேன். மடியில போட்டுக்கிட்டு, அந்தண்ட சிதறினதையும் தடவித் தடவிப் பொறுக்கிட்டிருந்தேன்.

"அம்மா, நான் இங்க இருக்கேன்"ன்னா.

அவ அங்க இருக்கறது எனக்குத் தெரியாதா? எதுக்குச் சொல்றா அதை? அத்தனை பேரு பாக்கறாங்கன்னு சொல்றா. லைவு பாத்தவனுக போன்ல பதிஞ்சு வெச்சு அதைப் புடிச்சுக்கிட்டானுக. நான் மண்டி போட்டுப் பொறுக்கறது, அவ அந்த ஒரு வரி சொல்றது, பின்னால ஒரு சோக மியூசிக்கு. எத்தனை வீடியோ! எவளோ ஒருத்தி என்னைய மாதிரியே கொண்டை போட்டு, சவுரியைப் பொறுக்கி நடிச்சுக் காட்டறா. எங்க தெருவுலயே புள்ளைக என்னையப் பாத்து "அம்மா, நான் இங்க இருக்கேன்"ன்னு கத்திட்டு ஓடுதுக. இதுல சிரிக்க என்ன இருக்கு? பெத்தவ வளத்த முடியைப் பெத்தவ பொறுக்கினா.

அஸ்வந்த் ஓடி வந்து லைவை நிறுத்தினான். நிறுத்தி, பேஜுல இருந்தும் எடுத்துட்டான். வந்து மன்னிப்புக் கேட்டான். என்கிட்ட இல்லை, அவகிட்ட. "சாரிங்க, நான் முதல்லயே நிறுத்தியிருக்கோணும்"னு. அதோட ஆளு வரலை. பாட்டில் வாங்கினவங்க ஒவ்வொருத்தரும் திட்டித் திட்டி எழுதினாங்க. கடைக்காரங்க பெட்டியோட திருப்பி அனுப்பினாங்க.

எங்கூட்டுக்காரரு அப்பவாவது அவளை ஒரு வார்த்தை கண்டிச்சாரான்னு கேளு. ம்ஹூம். மறுநாளு காத்தால அவளை பைக்குல உக்கார வெச்சு, "பாப்பா, ஹெல்மெட்டைப் போட்டுக்க"ன்னாரு. சிக்குன்னு உக்காந்துருச்சு தலையில. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்கு இன்னைக்கும் விளங்கலை. ஓசூருக்கே கூட்டிட்டுப் போயி அந்தக் கம்பெனியில நேராப் பேசி, கொஞ்ச நாள்ல அடுத்த ஆளெடுப்புல சேத்துவிட்டுட்டாரு. வாயே தெறக்காத மனுசன், அங்க போயி பேசியிருக்காரு! வந்து, நான் எண்ணெய் காய்ச்சற உருளியைக் கழுவிக் கவுத்திப்போட்டாரு. "போதும் சாரதா"ன்னாரு. அதுக்கப்புறம் மறுக்கா டின்னு, வெறும் தேங்காயெண்ணெய்.

நான் விட்டுருவனா? திருப்பூருல இப்ப வேற ஒரு ஏஜென்சி புடிச்சிருக்கேன். ஒரு பொண்ணுதான் நடத்தறா, கெட்டிக்காரி. கெட்ட பேருகூடப் பேருதான் மேடம், ஊருக்கே உங்களைத் தெரியுதுங்கறா. கம்பேக்குன்னு ஒரு திட்டம் போட்டிருக்கா. வெட்டின தலையில நம்ம எண்ணெயைத் தேச்சு, மாசாமாசம் எவ்வளவு வளருதுன்னு காட்டறது. அம்மாவும் பொண்ணும் ராசியாகி, அம்மா தேச்சுவிடற மாதிரி. இதுல பொய்யே கிடையாது பாரு. சவுரி கிடையாது, ஒண்ணும் கிடையாது. சுத்தம். பையில பாட்டில் வெச்சிருக்கேன். வாசமில்லாமக் காய்ச்சினது, அவளுக்குன்னு. தலை சுத்துமின்னாள்ல, அதுக்குத்தான். இதுக்கு மேல ஒரு தாய் என்ன பண்ணுவா?

நான் வர்றது அவளுக்குத் தெரியாது. சொல்றதுக்கு வழியில்லை, என்ற நம்பரு போனா மணியே அடிக்கறதில்லை. சிக்னலு கிடைக்காத ஊரு போல. அவங்கப்பா கூப்பிட்டா மட்டும் எடுக்கறா.

கண்ணு, உன்ற போனுல இருந்து ஒருக்கா போட்டுப் பாக்கறயா? புண்ணியமாப் போகும். இந்தா நம்பரு. இன்னைக்கு அவளுக்கு லீவுதான். நீயே பேசு, நான் பேசலை. போகுதா? மணி அடிக்குதா? ம்.

எடுத்துட்டாளா! என்னங்கறா? ஆருன்னு கேக்கறாளா? நான்னு சொல்லிராத. கஸ்டமர்னு சொல்லு. மகிழவேணி கஸ்டமர்னு சொல்லு.

என்னங்கறா? நிறுத்தியாச்சா? ஆரு சொன்னா நிறுத்தியாச்சுன்னு? சரி, அதை விடு. முடி இப்ப எதுவரைக்கும் வந்திருக்குன்னு கேளு. தோளுக்கு வந்துருச்சான்னு கேளு.

நீ என்ன கேக்கற? நல்லா இருக்கீங்களான்னா நான் கேக்கச் சொன்னேன்? முடியைக் கேளு கண்ணு, முடியை.

வெச்சுட்டாளா?

என்ன சொன்னா? முழுசாச் சொல்லு. நல்லா இருக்கேன்னா? அப்படியேவா சொன்னா? சிரிச்சுட்டே சொன்னாளா? தொண்டை கட்டியிருந்துதா? இல்லையா?

ஹூம். எங்கூட்டுல இருந்தவரைக்கும் ஒரு நாளு அந்த வார்த்தை அவ வாயில இருந்து வந்ததில்லை. நம்பிராத கண்ணு. எல்லாம் அந்த வீடியோவுல பழகின நடிப்பு.